மேசைக்கு அந்தப் பக்கம் யார்?

பொம்மைக் கண்காட்சி என்ற ஒரே பெயரில், ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத பல கூட்டங்கள் உலகில் நடக்கின்றன. ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரில் ஆண்டுதோறும் நடப்பதும் பொம்மைக் கண்காட்சிதான். இங்கிலாந்தில் குதிரைப் பந்தய மைதானத்துக் கட்டடத்தில் ஒரே ஒரு நாள் மேசை போட்டு விற்பதும் பொம்மைக் கண்காட்சிதான். முன்னதில் கை நிறையக் காசு இருந்தாலும் ஒற்றைப் பொம்மை வாங்க முடியாது. பின்னதில் புதிதாக வந்த பொம்மையைத் தேடிப் போனவர் வெறுங்கையோடு திரும்புவார். ஆகவே எந்தக் கண்காட்சிக்குப் போவது என்பதை ஊரையும் தேதியையும் நுழைவுக் கட்டணத்தையும் வைத்து மட்டும் முடிவு செய்தால் பாதிப் பணம் வீண். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் யார் என்பதை முதலில் பார்க்க வேண்டும். தயாரித்த நிறுவனமா, பழைய பொம்மை வியாபாரியா, தன்னிடம் இரண்டாக இருப்பதில் ஒன்றை மாற்றிக்கொள்ள வந்த இன்னொரு சேகரிப்பாளரா, வீட்டில் தானே பொம்மை வார்த்துக் கொண்டுவந்த கைவினைஞரா? விலை, பேரம், போக வேண்டிய நேரம் எல்லாமே அந்த ஆளைப் பொறுத்தவை.

நிறுவனங்கள் உட்கார்ந்திருக்கும் கண்காட்சிகளை முதலிலேயே பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம். நியூரம்பர்க் கண்காட்சி 1950 முதல் நடக்கிறது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் அங்கே கடை விரிக்கின்றன. நியூயார்க் கண்காட்சி அதற்கும் மூத்தது, 1903-ல் தொடங்கியது. இரண்டுமே வணிகர்களுக்கானவை. கடைக்காரர், மொத்த வியாபாரி, பத்திரிகையாளர் என்று ஏதாவது ஓர் அடையாளம் காட்டினால்தான் வாசல் திறக்கும். நியூயார்க்கில் 18 வயது நிரம்பாதவர்களுக்கு அனுமதியே கிடையாது. பொம்மைக்கென்றே நடக்கும் திருவிழாவில் குழந்தைகளுக்கு இடமில்லை. அடுத்து என்ன வரப்போகிறது என்ற செய்திதான் இவற்றால் சேகரிப்பாளருக்குக் கிடைக்கும் லாபம். அந்தச் செய்தி அன்று மாலையே வீட்டுக்கு வந்துவிடும்.

வியாபாரிகள் உட்கார்ந்திருக்கும் சந்தைதான் பழைய பொம்மை தேடுபவருக்கான இடம். பிரிட்டனில் இந்த வழக்கம் நன்றாக வேரூன்றியிருக்கிறது. பர்மிங்ஹாமின் பெரிய கண்காட்சி அரங்கம், சர்ரே மாவட்டம் ஈஷரில் உள்ள சாண்டவுன் பார்க், டான்காஸ்டர் குதிரைப் பந்தய மைதானம் போன்ற இடங்களில் ஆண்டு முழுக்க ஒருநாள் சந்தைகள் நடக்கின்றன. பந்தய மைதானத்தில் ஏன் என்று கேட்டால் பதில் எளிது. பந்தயம் இல்லாத நாளில் பெரிய கூடம் காலியாக இருக்கும். கார் நிறுத்தவும் தாராளமாக இடம் உண்டு. அமெரிக்காவில் அதே வேலையைப் பொருட்காட்சித் திடல்கள் செய்கின்றன. சிகாகோவுக்கு அருகே செயின்ட் சார்ல்ஸ் என்ற ஊரிலுள்ள திடலில் 1970களில் தொடங்கிய சந்தை அங்கே மிகவும் பெயர் பெற்றது.

பிரிட்டிஷ் சந்தைகளின் அடித்தளம் உலோகக் கார்கள். லிவர்பூலில் மெக்கானோ நிறுவனம் 1934 முதல் டிங்கி என்ற பெயரில் விற்றவை, லண்டனில் லெஸ்னி நிறுவனம் 1953-ல் தொடங்கிய மேட்ச்பாக்ஸ், வேல்ஸின் ஸ்வான்சியில் 1956 முதல் வார்க்கப்பட்ட கார்கி. டிங்கியின் லிவர்பூல் ஆலை 1979-ல் மூடப்பட்டது. லெஸ்னி 1982-ல் திவாலானது. சிறு வயதில் இந்தக் கார்களை உருட்டி விளையாடியவர்கள் சம்பாதிக்கத் தொடங்கிய காலமும், இந்த நிறுவனங்கள் சரிந்த காலமும் ஏறக்குறைய ஒன்றாக வந்தன. தாங்கள் விளையாடிய பழைய கார் கடையில் இனி கிடைக்காது என்று ஆனபோது வாங்கக் கையில் காசும் இருந்தது. சந்தைகள் பெருகியதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

இப்படி ஒரு சந்தைக்கு நேரில் போவதால் என்ன கிடைக்கிறது என்பதற்கு ஒரே ஒரு காரைப் பார்த்தால் போதும். 1965-ல் கார்கி வெளியிட்ட 261-ஆம் எண் கார், ஜேம்ஸ் பாண்டின் ஆஸ்டன் மார்ட்டின். படத்தில் வந்த கார் வெள்ளி நிறம். கார்கி பூசியது தங்க நிறம். பக்கவாட்டிலுள்ள பொத்தானை அழுத்தினால் கூரை திறந்து, இருக்கையிலிருந்து வில்லனின் ஆள் மேலே எகிறிப் பறப்பான். நகத்தளவே உள்ள அந்த ஆசாமி, வாங்கிய வாரத்திலேயே சோபாவுக்கு அடியிலோ தோட்டத்துப் புல்லிலோ தொலைந்துபோயிருப்பான். இது கார்கிக்கும் தெரிந்திருக்க வேண்டும். பெட்டிக்குள் ‘ரகசியக் குறிப்புகள்’ என்ற சிறு உறையை வைத்து, அதில் செய்முறைத் தாளோடும் சட்டையில் ஒட்டிக்கொள்ளும் 007 வில்லையோடும் உபரியாக இன்னொரு ஆளையும் போட்டுக் கொடுத்தது. இன்றைக்குச் சந்தையில் அதே கார் ஒரு மேசையில் வெறும் காராக இருக்கும், அடுத்த மேசையில் பெட்டியோடு இருக்கும், மூன்றாவது மேசையில் உறை, தாள், வில்லை, உபரி ஆள் எல்லாம் அடங்கிய முழுத் தொகுப்பாக இருக்கும். மூன்றின் விலையும் ஒன்றையொன்று நெருங்காது.

சிக்கல் என்னவென்றால், தொலைந்த ஆசாமியை இப்போது புதிதாகவும் வார்த்து விற்கிறார்கள். பெட்டியையும் அச்சு அசலாக மறுபடி அச்சடிக்கிறார்கள். மறுபதிப்பு என்று சொல்லி விற்றால் தவறில்லை. சொல்லாமல் விற்பவர்களும் உண்டு. காரைக் கவிழ்த்து அடித்தட்டைப் பிடித்திருக்கும் ரிவெட்டுகளைப் பார்க்க வேண்டும். அவை துளையிடப்பட்டோ நசுங்கியோ இருந்தால் காரை ஒரு முறை பிரித்திருக்கிறார்கள் என்று பொருள்; பிரித்த காருக்குப் பெரும்பாலும் மறுவண்ணம் பூசப்பட்டிருக்கும். கதவின் விளிம்பிலும் மூலைகளிலும் வண்ணம் கெட்டியாகத் தேங்கியிருப்பது இன்னொரு அடையாளம். பெட்டியைத் திறந்து உட்புற அட்டையைப் பார்க்கலாம். அறுபது ஆண்டுப் பழைய அட்டை பால் வெள்ளையாக இருக்க வாய்ப்பில்லை.

இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய டிங்கி என்றால் இன்னும் ஒரு சோதனை உண்டு. அந்தக் கால துத்தநாகக் கலவையில் சிறிதளவு ஈயம் கலந்துவிட்டால், உலோகம் பல ஆண்டுகளில் மெல்ல மெல்ல உள்ளிருந்தே வெடிக்கும். மயிரிழை போன்ற கோடுகள் முதலில் தோன்றும். பிறகு உடல் உப்பி வளையும். கடைசியில் பிஸ்கட் போல உதிரும். தொடங்கிவிட்டால் சரிசெய்ய வழியில்லை. ஒரு கைவிளக்கும் சிறு பூதக்கண்ணாடியும் பையில் இருந்தால் இந்தக் கோடுகளை அங்கேயே பார்த்துவிடலாம். இணையத்தில் வரும் புகைப்படம் இவற்றில் எதையும் காட்டாது. பொருளைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்க்கலாம் என்பதுதான் சந்தைக்குப் போவதற்கான முதல் நியாயம். எடுப்பதற்கு முன் கேட்டுவிட்டு எடுப்பது அங்குள்ள மரியாதை.

வியாபாரிகள் சந்தையில் நேரம் காசு. கதவு திறக்கும் முன்பே மேசைகள் நிரம்பத் தொடங்கும். அந்த இடைவெளியில் வியாபாரிகள் தங்களுக்குள் வாங்கி விற்றுக்கொள்வார்கள். நாளின் சிறந்த பொருள்கள் பல அப்போதே கை மாறிவிடும். அதனால்தான் பல சந்தைகளில் கூடுதல் கட்டணத்தில் முன்நுழைவுச் சீட்டு விற்கிறார்கள். ஒரே ஒரு குறிப்பிட்ட காரைத் தேடுபவருக்கு அந்தக் கூடுதல் காசு தண்டமல்ல. விலை மலிவாக நாலைந்து வாங்க வேண்டும், இன்னது என்ற பிடிவாதம் இல்லை என்பவர் மதியத்துக்கு மேல் போவதே புத்திசாலித்தனம். கொண்டுவந்ததைத் திரும்பப் பெட்டியில் அடுக்கி வண்டியில் ஏற்றுவது அலுப்பான வேலை. கடைசி ஒரு மணி நேரத்தில் வியாபாரியின் மனம் இளகும். மூர் மார்க்கெட்டில் பேரம் பேசிப் பழகிய பழைய சென்னைவாசிகளுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

விளம்பரத்தைப் படிப்பதிலும் சூட்சுமம் உண்டு. ‘ஐயாயிரம் பேர் வருகிறார்கள்’ என்பது வாங்குபவருக்கு நல்ல செய்தியே அல்ல. அது போட்டியின் அளவு. பார்க்க வேண்டியது மேசைக் கணக்கு. அதிலும் ‘முந்நூறு மேசை’ என்றால் முந்நூறு வியாபாரிகள் என்று எண்ணிவிடக் கூடாது, ஒருவரே ஐந்து மேசை எடுப்பது சாதாரணம். பங்கேற்பவர்களின் பெயர்ப் பட்டியலை வெளியிடும் அமைப்பாளரை நம்பலாம். விளம்பரத்தின் முக்கால் பங்கு நடிகர்களின் முகமாக இருந்தால், அது கையெழுத்து வாங்கும் கூட்டம். பொம்மை ஓரமாக இருக்கும். பொம்மையோடு காமிக்ஸ், நாணயம், விளையாட்டு வீரர் அட்டை என்று எல்லாவற்றையும் சேர்த்துப் போட்டிருந்தால் ஒவ்வொன்றிலும் கொஞ்சம்தான் இருக்கும். முதல் முறையாக நடக்கும் சந்தையை ஓராண்டு பொறுத்துப் பார்ப்பதில் நட்டமில்லை, உள்ளூரில் நடந்தால் ஒழிய. உள்ளூர்ச் சந்தை எவ்வளவு சிறியதானாலும் ஒரு முறை எட்டிப் பார்க்கத் தகுந்தது. செலவு பஸ் கட்டணம் மட்டும்தானே.

மேசைக்கு அந்தப் பக்கமும் சேகரிப்பாளரே உட்கார்ந்திருக்கும் கூட்டங்கள் வேறு ரகம். ஒரே ஒரு பொம்மை வகைக்காக அதன் அன்பர்கள் கூடுவது இது. கனடாவின் டொராண்டோவில் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் அன்பர்கள் 2002 முதல் கூடுகிறார்கள். ஹாட் வீல்ஸ் கார்கள் 1968-ல் வந்தன. அவற்றைச் சேர்ப்பவர்களின் முதல் மாநாடு 1987-ல் அமெரிக்காவின் டொலீடோ நகரில் நடந்தது. இந்த மாநாடுகளின் உயிர் மண்டபத்தில் இல்லை, தங்கும் விடுதியில் இருக்கிறது. வந்தவர்கள் எல்லாரும் ஒரே விடுதியில் அறை எடுப்பார்கள். மாலையானதும் அறைக் கதவைத் திறந்து வைத்துவிட்டு, கட்டில் மேலும் மேசை மேலும் கார்களைப் பரப்பிவிடுவார்கள். நடைவழியில் ஆட்கள் அறை அறையாக ஏறி இறங்கி நள்ளிரவு தாண்டியும் பேசி, மாற்றி, வாங்கிக்கொண்டிருப்பார்கள். பக்கத்து விடுதியில் மலிவாக அறை எடுத்தவர் மிச்சம் பிடித்தது வாடகையை மட்டுமே. மாநாட்டில் பாதியைக் கோட்டை விட்டிருப்பார்.

இத்தகைய கூட்டத்தில் காசை விட மாற்றுப் பொருளுக்கு மதிப்பு அதிகம். இந்தியாவிலிருந்து போகிறவருக்கு இதில் ஒரு சாதகம் உண்டு. பல வெளிநாட்டுப் பொம்மைகள் ஒரு காலத்தில் இந்தியாவிலும் வார்க்கப்பட்டன. டிங்கியின் அச்சுகள் கல்கத்தாவுக்கு வந்து நிக்கி என்ற பெயரில் கார்களாயின. லியோ என்ற பெயரில் இந்தியாவில் ஹாட் வீல்ஸ் கார்கள் விற்றன. சென்னையின் எம்.ஆர்.எஃப். குழுமமும் அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோவும் சேர்ந்து தொடங்கிய ஃபன்ஸ்கூல் ஜி.ஐ. ஜோ படைவீரர்களைத் தயாரித்தது. அமெரிக்கப் பதிப்பில் இல்லாத நிறச் சேர்க்கைகள் இந்த இந்தியப் பதிப்புகளில் இருந்ததால், அங்குள்ள சேகரிப்பாளர்கள் இவற்றைத் தேடி அலைகிறார்கள். இங்கே பரணில் அட்டைப் பெட்டிக்குள் கிடக்கும் ஃபன்ஸ்கூல் வீரன், கை கால் உடையாமலும் துப்பாக்கி தொலையாமலும் இருந்தால், அங்கே நல்ல மாற்றுச் சரக்கு.

பொதுமக்கள் கூடும் பெரும் விழாக்களில் மறுபடி நிறுவனமே மேசைக்கு அந்தப் பக்கம் வந்து உட்காருகிறது. ஆனால் இப்போது ஆர்டர் எழுத அல்ல, விற்க. 1970-ல் தொடங்கிய சான் டியேகோ காமிக் கான் இவற்றில் தலையாயது. லட்சத்துக்கும் மேற்பட்டோர் வருகிறார்கள். அங்கே மட்டும் விற்பதற்கென்று மேட்டல், ஹாஸ்ப்ரோ, ஃபன்கோ போன்றவை தனிப் பதிப்புகளைக் கொண்டுவரும். நுழைவுச் சீட்டு வாங்கவே இணையத்தில் அதிர்ஷ்டம் பார்க்க வேண்டும். சீட்டு கிடைத்தாலும், சில பொம்மைகளை வாங்கும் வரிசையில் நிற்பதற்குத் தனியாகக் குலுக்கல் உண்டு. ‘அங்கே மட்டும்’ என்ற சொல்லை முழுதாக நம்பவும் முடியாது. மிச்சப்பட்டதை நிறுவனங்கள் பிறகு தங்கள் இணையக் கடையிலேயே விற்பது அடிக்கடி நடக்கிறது. பழைய பொம்மை தேடுபவருக்கு இந்த விழாவில் வேலை குறைவு. கூட்டத்தையும் வேடிக்கையையும் விரும்புகிறவருக்கு இதற்கு ஈடு இல்லை. இந்தியாவில் 2011-ல் டெல்லியில் தொடங்கிய காமிக் கான், 2024 பிப்ரவரியில் முதல் முறையாகச் சென்னை நந்தம்பாக்கம் வர்த்தக மையத்துக்கு வந்தது. தூரம் போகும் முன் இந்த வகை தனக்கு ஒத்துவருமா என்று பார்த்துக்கொள்ளத் தமிழ்நாட்டுச் சேகரிப்பாளருக்கு அது போதும்.

கைவினைஞர்கள் உட்கார்ந்திருக்கும் விழாக்களில் ஜப்பானின் வொண்டர் ஃபெஸ்டிவலுக்கு நிகராக ஒன்றைச் சொல்வது கடினம். 1980களின் நடுவில் ஜெனரல் புராடக்ட்ஸ் என்ற சிறு நிறுவனம் தொடங்கிய இதை, 1992 முதல் பொம்மை வடிவமைப்பில் புகழ்பெற்ற கையோடோ நிறுவனம் நடத்துகிறது. குளிர்காலத்தில் ஒரு முறை, கோடையில் ஒரு முறை என்று ஆண்டுக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள். விற்பவர்களில் பெரும்பாலோர் பகலில் வேறு வேலை பார்க்கும் தனி மனிதர்கள். தங்களுக்குப் பிடித்த அனிமே பாத்திரத்தைத் தாங்களே செதுக்கி, ரெசினில் சிறு எண்ணிக்கையில் வார்த்துக் கொண்டுவருவார்கள்.

அடுத்தவருக்குச் சொந்தமான பாத்திரத்தை இப்படி விற்பது எப்படிச் சட்டப்படி சாத்தியமாகிறது என்பதில்தான் இந்த விழாவின் தனித்தன்மை இருக்கிறது. செதுக்கியவர் பல மாதங்களுக்கு முன்பே படம், விலை, எண்ணிக்கை எல்லாம் குறிப்பிட்டு விழா வழியாக விண்ணப்பிப்பார். பாத்திரத்தின் உரிமையாளர் சம்மதித்தால் ஒரு நாள் உரிமம் கிடைக்கும். அந்த நாளில், அந்தக் கூடத்தில் மட்டும் விற்கலாம். மாலை கதவு மூடியதும் உரிமமும் முடிந்தது. மறுநாள் அதே மனிதர் அதே பொம்மையை விற்க உரிமை இல்லை. ஆகவே இங்கே ‘அங்கே மட்டும்’ என்பது விளம்பரச் சொல் அல்ல, உண்மை. கடைசி நேரம் வரை காத்திருக்கும் தந்திரமும் பேரமும் இங்கே செல்லாது. பெரும்பாலும் ரொக்கம்தான் நடப்பு. வாங்குவதும் முடிந்த பொம்மை அல்ல, வண்ணமில்லாத துண்டுகள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ஒட்டி, வண்ணம் பூசும் பொறுமை இல்லாதவர், வீட்டில் பிரிக்காத பெட்டியோடு அமர வேண்டியதுதான்.

கூட்டத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். 2008 ஆகஸ்ட்டில் டோக்கியோவின் பிக் சைட் அரங்கில் இந்த விழா நடந்தபோது, பாரம் தாங்காமல் நகரும் படிக்கட்டு பின்னோக்கி ஓடிப் பலர் காயமடைந்தார்கள். அடுத்த ஆண்டு விழா சிபா மாவட்டத்து மகுஹாரி மெஸ்ஸே அரங்குக்கு இடம் மாறியது. முழங்கால் வலி உள்ளவரும் கைக்குழந்தையோடு போகிறவரும் திறந்த முதல் மணி நேரத்தைத் தவிர்ப்பது நல்லது.

கலைஞரும் நிறுவனமும் கலந்த ஒரு புது வகையும் இப்போது வளர்ந்துவிட்டது. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத மூடிய பெட்டியை வாங்கிப் பிரிப்பதே இதில் கவர்ச்சி. லபூபு பொம்மை மோகத்தைக் கிளப்பிய சீனாவின் பாப் மார்ட் நிறுவனம், 2023-ல் சிங்கப்பூரின் மரீனா பே சேண்ட்ஸில் தன் கண்காட்சியை நடத்தியது. பொம்மையை வடிவமைத்தவரை நேரில் பார்க்கலாம், கையெழுத்து வாங்கலாம். ஆனால் மறுவிற்பனைக்காரர்களும் அதே வரிசையில்தான் நிற்கிறார்கள். சேகரிப்பாளர் வரிசையில் இடம் பிடிப்பதற்கு முன் தன் ஆசை பொம்மை மீதா, அதன் மறுவிலை மீதா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

ஆளைத் தெரிந்துகொண்ட பிறகு கடைசியாகக் கணக்கு. வாங்க நினைக்கும் பொருளின் பட்டியலையும், ஒவ்வொன்றும் இணையத்தில் கடைசியாக விற்ற விலையையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். கேட்கும் விலையை அல்ல, விற்ற விலையை. மூவாயிரம் ரூபாய்ப் பொம்மைக்காக ரயில், அறை, சாப்பாடு, நுழைவு என்று ஆறாயிரம் செலவானால், அந்தப் பொம்மையின் விலை ஒன்பதாயிரம். அதே ஆறாயிரம் செலவில் போய்ப் பத்துப் பொருள் வாங்கினாலோ, கொண்டுபோன இரட்டைகளை விற்றுப் பாதிச் செலவை எடுத்தாலோ கணக்கு மாறிவிடும். தூரத்துச் சந்தைக்குப் பட்டியல் நீளமாகும் வரை காத்திருந்து, இரண்டாண்டுக்கு ஒரு முறை சிலர் போவது இதனால்தான்.

வெளிநாடு என்றால் திரும்பும் வழியும் செலவில் சேரும். இந்தியா பொம்மைகள் மீதான அடிப்படை இறக்குமதி வரியை 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகவும், 2023-ல் 70 ஆகவும் உயர்த்தியது. வாங்கியதைத் தபாலில் அனுப்பச் சொல்லிவிட்டு நிம்மதியாக விமானம் ஏறியவருக்கு அந்த நிம்மதி வீட்டு வாசல் வரைதான். வாங்கும்போதே ரசீது கேட்டு வைத்துக்கொள்வது சுங்கத்தில் பேச உதவும்; மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் சக சேகரிப்பாளர் என்றால் ஒரு துண்டுத் தாளில் எழுதித் தரச் சொல்லலாம். உலோகக் கார்களை மெல்லிய தாளில் சுற்றிக் கைப்பையில் வைப்பதும், காலிப் பெட்டிகளைக் கசங்காமல் தனியாக எடுத்து வருவதும் பழகியவர்களின் முறை. பழைய தகரத் துப்பாக்கி வாங்கியவர் மட்டும் அதைச் சரக்குப் பெட்டியில் போட்டுவிட வேண்டும். பொம்மைத் துப்பாக்கியானாலும் விமானத்தில் கைப்பையோடு உள்ளே விடமாட்டார்கள்.